முதியோர் இல்லத்து இன்சார்ஜ் சிஸ்டருக்கு எப்படித் துணை நிற்பது? ராமநாதபுரம் கடலோர இல்லங்களுக்கான கேள்வி பதில்

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், ராமேஸ்வரம் தீவு, கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று நீளும் இந்தக் கடற்கரையில் முதியோர் இல்லம் நடத்துகிறவர்கள், அங்கே வேலை பார்க்கும் செவிலியர், பெற்றோரை அங்கே விட்டிருக்கும் பிள்ளைகள் ஆகிய மூன்று தரப்பும் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இவை. இன்சார்ஜ் சிஸ்டர் என்பவர் இல்லத்தின் மற்றச் செவிலியருக்கும் உதவியாளருக்கும் பொறுப்பாக இருக்கும் தலைமைச் செவிலியர். ஆஸ்பத்திரி வார்டிலும் பிறகு இல்லங்களிலும் வேலை பார்த்த அனுபவத்தில் பதில் எழுதியிருக்கிறேன். சட்டம் பேசும் இடத்தில் சட்டத்தைச் சொல்லியிருக்கிறேன். மற்றதெல்லாம் என் கருத்து.

மேனேஜர் இருக்கிறார், டிரஸ்டி இருக்கிறார். இன்சார்ஜ் சிஸ்டர் என்று தனியாக ஒருவர் எதற்கு?

மேனேஜர் அரிசி, கரண்ட் பில், வாட்ச்மேன் என்று பார்ப்பார். டிரஸ்டி நன்கொடையைப் பார்ப்பார். ஏழாம் கட்டில் அப்பத்தா நேற்றைவிட இன்று குறைவாகத் தண்ணீர் குடித்திருக்கிறார், அதனால்தான் குழம்பிப் பேசுகிறார் என்று கவனிக்க ஓர் ஆள் வேண்டுமே? ஆஸ்பத்திரிக்கு வருகிறவர் நாலைந்து நாளில் வீட்டுக்குப் போய்விடுவார். இல்லத்தில் இருப்பவர் ஆண்டுக்கணக்காக இருக்கிறார். டாக்டர் வாரத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ வந்து போவார். மிச்ச நேரம் முழுக்க எதைப் பொறுத்துப் பார்க்கலாம், எதற்கு உடனே வண்டியைக் கூப்பிடவேண்டும் என்று முடிவெடுப்பது செவிலியர்தான்.

எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லும் இல்லங்களில், ஏதாவது ஆகிவிட்டால் யார் பார்த்தது என்று யாருக்கும் தெரியாது.

முப்பது பேர் இருக்கும் சின்ன இல்லம் எங்களுடையது. இன்சார்ஜ் சிஸ்டருக்கு நாங்கள் முதலில் செய்யவேண்டியது என்ன?

நேரம் கொடுங்கள். வாரத்தில் சில மணி நேரமாவது ஊசி, மருந்து, டிரெஸ்ஸிங் எதுவும் இல்லாமல், மேசையில் உட்கார்ந்து சார்ட் பார்க்கவும், யாருக்கு எந்த ஷிப்டு என்று ரோஸ்டர் போடவும், புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் அவருக்கு நேரம் ஒதுக்கவேண்டும். பெரும்பாலான இல்லங்களில் இன்சார்ஜ் என்ற பட்டம் மட்டும் கொடுத்து, ஸ்டாஃப் நர்ஸ் வேலை முழுவதையும் அவர் தலையிலேயே வைத்திருப்பார்கள். ரோஸ்டரை வீட்டில் சமைத்துக்கொண்டே போனில் போடுவார்.

இரண்டாவது, அதிகாரம். எந்தெந்த விஷயத்தில் அவர் யாரையும் கேட்காமல் முடிவெடுக்கலாம் என்று ஒரு தாளில் எழுதி டிரஸ்டி கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். ஆம்புலன்ஸ் கூப்பிடுவது, ஒரு வரம்புக்குள் மருந்தும் டயப்பரும் வாங்குவது, குடித்துவிட்டு டியூட்டிக்கு வந்தவரைத் திருப்பி அனுப்புவது, புதிதாக ஒருவரைச் சேர்ப்பதற்கு வேண்டாம் என்று சொல்வது. இந்த நாலும் இல்லாமல் பொறுப்பை மட்டும் கொடுத்தால், தப்பு நடக்கும்போது திட்டு வாங்க ஓர் ஆளை நியமித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். செவிலியர் தினத்தன்று சால்வை போர்த்துவதை நான் குறை சொல்லவில்லை. அந்தத் தாள் இருந்தால் சால்வை இல்லாமலும் அவர் வேலை பார்ப்பார்.

சேர்க்கையை மறுக்கும் உரிமையா? இடம் காலியாக இருக்கும்போது எப்படி மறுப்பது?

கட்டில் காலியாக இருப்பது வேறு, கை காலியாக இருப்பது வேறு. மூக்கில் குழாய், சிறுநீருக்குக் கதீட்டர் குழாய், முதுகில் ஏற்கெனவே புண் என்று ஒருவர் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி நேராக உங்கள் வாசலுக்கு வருகிறார். குழாய் வழியாகச் சாப்பாடு கொடுக்கும்போது தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி வைக்கவேண்டும், கொடுத்து முடித்ததும் உடனே படுக்க வைக்கக்கூடாது. இரண்டு மணிக்கொரு தடவை புரட்டவேண்டும். இதையெல்லாம் இரவு இரண்டு மணிக்குச் செய்ய ஆள் இருக்கிறதா என்று இன்சார்ஜ் சிஸ்டருக்குத்தான் தெரியும். அவர் நேரில் பார்த்து, டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்து, சரி என்ற பிறகே அட்வான்ஸ் வாங்குங்கள்.

தெரிந்தவர் சிபாரிசு, எம்.எல்.ஏ. ஆபீஸிலிருந்து போன் என்றெல்லாம் வரும். வரட்டும். சேர்க்கிறீர்கள் என்றால் அன்றே கூடுதலாக ஓர் ஆளையும் போடுங்கள்.

ஏ.என்.எம். படித்தவரை இன்சார்ஜ் ஆக்கலாமா?

ஏ.என்.எம். என்பது துணைச் செவிலியருக்கான இரண்டு வருடப் படிப்பு. கிராமத் துணை சுகாதார நிலையம், தாய் சேய் நலம் ஆகியவற்றை மனதில் வைத்து அமைந்தது. செவிலியர் டிப்ளமோவான ஜி.என்.எம். மூன்று வருடம், பி.எஸ்ஸி. நர்சிங் நாலு வருடம். படுத்த படுக்கையாக இருப்பவர்கள் உள்ள இல்லத்துக்கு இந்த இரண்டில் ஒன்று படித்தவரே பொருத்தம். தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் பாருங்கள். ஆறு மாதம், ஒரு வருடம் என்று தனியார் இடங்களில் தரும் நர்சிங் உதவியாளர் சான்றிதழ் பதிவுபெற்ற செவிலியருக்கு ஈடாகாது. அப்படிப் படித்தவர்களில் கைராசிக்காரர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இன்சுலின் அளவை மாற்றும் பொறுப்பை அவர்கள் மேல் வைப்பது அவர்களுக்கும் நியாயமில்லை.

ஒரு ஷிப்டுக்கு ஒரு நர்ஸ் போதும் என்கிறார் மேனேஜர். அப்படியென்றால் மூன்று பேர் எடுத்தால் போதுமா?

போதாது. இந்தக் கணக்கைச் சிஸ்டர்கள் டிரஸ்டியிடம் எழுதியே காட்டலாம். ஒரு வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. ஒருவர் வாரம் 48 மணி நேரம் வேலை பார்க்கிறார். 168-ஐ 48-ஆல் வகுத்தால் மூன்றரை. அதாவது லீவே எடுக்காத மனிதர்கள் இருந்தால்கூட, எந்நேரமும் ஒரு நர்ஸ் இருப்பதற்கு மூன்றரை பேர் வேண்டும். காய்ச்சல், கல்யாணம், பிரசவம், பொங்கல், பெருநாள், கிறிஸ்துமஸ் எல்லாவற்றையும் சேர்த்தால் நாலரைக்குக் கீழே இறங்காது. மூன்று பேரை வைத்து ஓட்டும் இல்லத்தில் அந்த மிச்ச ஒன்றரை ஆள் யார் என்று பார்த்தால், இன்சார்ஜ் சிஸ்டரின் தூக்கம்தான்.

நம் ஊரில் இன்னொரு கணக்கும் உண்டு, பஸ். உச்சிப்புளியிலிருந்து ராமேஸ்வரத்துக்கு வருகிறவர் கடைசி பஸ்ஸை விட்டால் அவ்வளவுதான். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தியது முதல் 2025 ஏப்ரலில் புதுப்பாலம் திறக்கும்வரை தீவுக்கு ரயிலே இல்லை. அந்தக் காலத்தில் ஷிப்டு நேரத்தைப் பஸ் நேரத்துக்கு ஏற்ப மாற்றிய இல்லங்களில் ஆட்கள் நின்றார்கள். ஆஸ்பத்திரியில் இரவு எட்டு மணிக்கு ஷிப்டு மாறும் என்பதற்காக நீங்களும் எட்டு மணிக்கு மாற்றவேண்டியதில்லை. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் தீவுக்குள் வண்டி நகராது என்பதால், அன்றைய டியூட்டி ஆட்களை முந்தைய நாளே வரவழைத்துத் தங்க வையுங்கள். சாப்பாடும் படுக்கையும் உங்கள் செலவு.

ஷிப்டு மாறும்போது என்ன சொல்லிவிட்டுப் போகவேண்டும்? எங்கள் ஆட்கள் "எல்லாம் நார்மல்" என்கிறார்கள்.

"எல்லாம் நார்மல்" என்று கேட்டாலே எனக்குக் கொஞ்சம் பயம் வரும். நல்ல ஹேண்டோவர் இப்படி இருக்கும்: "மூன்றாம் கட்டில் ஐயா, சுகர், காலையில் இட்லி ஒன்றரைதான் சாப்பிட்டார், மதியம் சோறு வேண்டாம் என்றுவிட்டார். இன்சுலின் காலையிலேயே போட்டாச்சு. நாலு மணிக்குச் சுகர் பாருங்க, எழுபதுக்குக் கீழே இருந்தா சர்க்கரைத் தண்ணி கொடுத்துட்டு கால் மணி நேரத்துல திரும்பப் பாருங்க. ஒன்பதாம் கட்டில் உம்மம்மாவுக்கு இடது குதிகால் சிவந்திருக்கு, தலையணை வெச்சுத் தூக்கியிருக்கேன், அழுத்தாம பார்த்துக்குங்க." நார்மலாக இருப்பவரைப் பற்றி நீட்டவேண்டாம். யாரிடம் என்ன மாறியது, அடுத்த ஆள் எதை எத்தனை மணிக்குப் பார்க்கவேண்டும், இது போதும்.

கட்டில் கட்டிலாக நடந்தபடி சொல்லவேண்டும், ரூமில் உட்கார்ந்து அல்ல. இரண்டு ஷிப்டும் ஒன்றன் மேல் ஒன்று ஒரு கால் மணி நேரமாவது ஏறவேண்டும். அந்தக் கால் மணி நேரத்துக்குச் சம்பளமும் சேரவேண்டும். போகிறவர் காலில் செருப்பு மாட்டிக்கொண்டு, பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு சொல்லும் ஹேண்டோவர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆயாம்மாக்களையும் அந்த நடையில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். குளிப்பாட்டுகிறவர்கள் அவர்கள்தான். முதுகுத்தண்டின் அடியில் தோல் சிவப்பதை அவர்கள்தான் முதலில் பார்க்கிறார்கள்.

இரவில் ஒருவருக்கு முடியாமல் போகிறது. டாக்டருக்குப் போன் செய்தால் "இதுக்கெல்லாமா கூப்பிடுவாங்க" என்கிறார். சிஸ்டர் என்ன செய்வார்?

இரண்டு பக்கமும் சரிசெய்ய வேண்டியது இருக்கிறது. முதலில் சிஸ்டர் பக்கம். "சார், பாட்டிக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்று தொடங்கினால் தூக்கத்திலிருந்து எழுந்த எந்த டாக்டரும் எரிந்து விழுவார். என்ன நடக்கிறது, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், உங்களிடம் என்ன வேண்டும் என்ற வரிசையில் சொல்லப் பழகவேண்டும்:

"சார், இல்லத்திலிருந்து இன்சார்ஜ் பேசறேன். எழுபத்தெட்டு வயசு அம்மா, காலையில் நல்லா பேசிட்டிருந்தவங்க சாயங்காலம் நாலு மணியிலிருந்து கூப்பிட்டாத்தான் கண் திறக்கறாங்க. பி.பி. 90-க்கு 60, நாடி 118, காய்ச்சல் 101, ஆக்சிஜன் 91. சுகர் 160. மூணு வாரமா கதீட்டர் இருக்கு, யூரின் கலங்கலா வருது. யூரின் இன்ஃபெக்ஷன் ரத்தத்துல ஏறியிருக்கும்னு நினைக்கறேன். ராமநாதபுரத்துக்கு அனுப்பிடலாமா சார்?"

இதைக் கேட்ட டாக்டர் எழுந்து உட்காருவார். போன் செய்வதற்கு முன் இந்த எண்களையெல்லாம் எடுத்து வைத்துக்கொள்ள ஒரு சின்ன அச்சுத்தாள் டியூட்டி மேசையில் இருக்கட்டும்.

அடுத்து நிர்வாகம். டாக்டரோடு ஒப்பந்தம் போடும்போதே இரவு அழைப்புக்கு என்ன ஏற்பாடு, அவர் ஊரில் இல்லாதபோது யார் எடுப்பார் என்று எழுதி வாங்குங்கள், அதற்கான பணத்தையும் கொடுங்கள். சுகர் இறங்கினால், காய்ச்சல் வந்தால், மலச்சிக்கல் இருந்தால் டாக்டரைக் கேட்காமலே எதைச் செய்யலாம் என்று ஆள் ஆளுக்கு எழுதிக் கையெழுத்து வாங்கி சார்ட்டில் வைத்தால் பாதி அழைப்பு குறையும். டாக்டர் போன் எடுக்காவிட்டாலும் 108-ஐக் கூப்பிடலாம், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம் என்று சிஸ்டருக்கு வாயாலும் எழுத்தாலும் சொல்லியிருக்கவேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். டிரஸ்டி போன் எடுக்கட்டும் என்று காத்திருந்தால் அந்தத் தூரம் இன்னும் நீளும்.

படுக்கைப் புண் வந்தால் இன்சார்ஜ் சிஸ்டர்தானே பதில் சொல்லவேண்டும்?

பதில் சொல்லவேண்டும், ஆனால் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவேண்டாம். புண் வந்ததும் திட்டுகிற இல்லத்தில் அடுத்த புண்ணை மறைப்பார்கள். மறைத்த புண் ஒரு வாரத்தில் எலும்பைத் தொடும். எப்போது சிவந்தது, அன்று இரவு எத்தனை ஆள் இருந்தார்கள், சாப்பாட்டில் முட்டையோ மீனோ பருப்போ இருந்ததா, ஏர் பெட் (புண் வராமல் இருக்கப் போடும், கரண்டில் ஓடும் காற்று மெத்தை) ஓடியதா என்று கேளுங்கள். பாதி நேரம் பதில் நிர்வாகத்தின் கையிலேயே இருக்கும். நம் பக்கம் வெக்கையும் உப்புக்காற்றும் சேர்ந்து வியர்வை காயாது, ரெக்ஸின் விரித்த மெத்தையில் முதுகு நனைந்தே கிடக்கும். பருத்தி விரிப்பு கூடுதலாக வாங்குவதும், அதைத் துவைக்க நல்ல தண்ணீருக்கு வழி செய்வதும் சிஸ்டர் கையில் இல்லை.

மறதி நோய் உள்ளவர் இரவில் எழுந்து நடக்கிறார், விழுகிறார். கட்டிலோடு கட்டிவைக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

இந்தக் கேள்வியை நம் மாவட்டத்தில் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் எரிந்து இறந்தார்கள். இறந்தவர்கள் 28 பேர். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து அந்த வழக்கை எடுத்தது. பின்னால் வந்த 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வகையிலும் சங்கிலியால் பிணைக்கக்கூடாது என்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மட்டுமே கட்டுப்படுத்தலாம் என்றும், ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டிக் கட்டக்கூடாது என்றும் சொல்கிறது. அது மனநல நிலையங்களுக்கான சட்டம்தான். முதியோர் இல்லத்துக்கு மட்டும் வேறு நியாயம் இருக்கமுடியுமா?

சேலையால் கட்டினால் வலிக்காது என்பார்கள். கட்டப்பட்டவர் கம்பிமேல் ஏறிக் குதிக்கப் பார்ப்பார், கட்டு கழுத்துக்கு வரும். கட்டிலைத் தாழ்வாக்குங்கள், தரையில் மெத்தை போடுங்கள், கழிவறை வழியில் இரவு விளக்கு எரியட்டும். அவர் ஏன் எழுகிறார் என்று பாருங்கள். படகுக்குப் போய்ப் பழகியவர் விடியற்காலை மூன்று மணிக்கு எழுவது நோயா? ஒரு டீ கொடுத்துத் திண்ணையில் உட்கார வைத்தால் போதும் என்று கண்டுபிடித்த ஆயாம்மாவை எனக்குத் தெரியும்.

சிஸ்டருக்கு இதில் என்ன துணை வேண்டும் என்றால், குடும்பத்தார் "கட்டி வையுங்கள்" என்று வற்புறுத்தும்போது, எங்கள் இல்லத்தில் கட்டுவதில்லை என்று சொல்லும் வேலையை டிரஸ்டி செய்யவேண்டும். சேர்க்கைப் படிவத்திலேயே அது அச்சாகியிருக்கட்டும். விழுவதற்குச் சாத்தியம் உண்டு என்பதையும் அதே படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள்.

பிள்ளைகள் துபாயிலிருந்து இரவு பத்து மணிக்கு வீடியோ கால் போட்டு சிஸ்டரிடம் சண்டை போடுகிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

அங்கே எட்டரை மணி, வேலை முடிந்து ரூமுக்கு வந்திருப்பார். இங்கே மருந்து கொடுத்து விளக்கணைக்கும் நேரம். அவர் கோபத்தில் பாதி, வாப்பாவைத் தொட்டுப் பார்க்க முடியாத தூரத்தின் கோபம். அதைப் புரிந்துகொள்ளலாம், ஆனால் அதை வாங்கிக்கொள்வது நைட் டியூட்டி நர்ஸின் வேலை அல்ல.

வெள்ளி, ஞாயிறு என்று குறிப்பிட்ட நேரத்தில் சிஸ்டரோ அவர் சொன்ன ஒருவரோ பேசுவார் என்று வைத்துவிடுங்கள். குடும்பத்துக்கு ஒருவர்தான் தொடர்பு. மூத்த மகன் ஒன்று சொல்ல, மகள் வேறு சொல்ல, மருமகன் மூன்றாவது சொன்னால் முடியாது. இல்லத்துக்கென்று தனி மொபைல் வாங்குங்கள். சிஸ்டரின் சொந்த நம்பரைக் குடும்பத்துக்குக் கொடுக்கவே கூடாது. விழுந்தார், ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம் என்ற செய்தி மட்டும் எந்த நேரமானாலும் உடனே போகவேண்டும், அவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி விடக்கூடாது.

கட்டணப் பாக்கியைப் பற்றிச் சிஸ்டர் வாயைத் திறக்கவே கூடாது. அது ஆபீஸ் வேலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் கடற்கரைக் குடும்பங்களின் பணம் தாமதமாகும், அது எல்லோருக்கும் தெரிந்தது. அதே நாட்களில்தான் மகன்கள் கரையில் இருப்பதால் அடிக்கடி வந்து பார்ப்பார்கள். பார்க்க வந்தவரிடம் பாக்கி கேட்டால் அடுத்த தடவை வரமாட்டார். வசதி இருந்தும் கைவிட்ட பிள்ளைகள் என்றால், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007-ன்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பெரியவர் மனு கொடுக்கலாம். நம் மாவட்டத்தில் ராமநாதபுரம், பரமக்குடி இரண்டிலும் கோட்டாட்சியர் அலுவலகம் உண்டு. வழி கேட்க முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது.

சம்பளம் எவ்வளவு கொடுப்பது நியாயம்? கொடுத்தாலும் வெளிநாடு போய்விடுகிறார்களே?

தனியார் மருத்துவமனைச் செவிலியருக்கான ஊதியம் பற்றி 2016-இல் உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு, 50 படுக்கைக்குக் குறைவான இடத்தில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. இல்லங்களுக்காகச் சொன்னது அல்ல, ஆண்டுகளும் ஓடிவிட்டன. ஆனாலும் இன்றைக்கும் அதற்குக் கீழே கொடுத்துக்கொண்டு ஆள் நிற்கவில்லை என்று சொல்கிறவர்கள் அந்த எண்ணை ஒரு தடவை பார்க்கலாம். இன்சார்ஜ் பொறுப்புக்கென்று தனிப்படி இருக்கவேண்டும், சும்மா 500 ரூபாய் ஏற்றிவிட்டு அல்ல. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் இ.எஸ்.ஐ., இருபது பேர் என்றால் பி.எஃப். பற்றி ஆடிட்டரிடம் கேட்டுச் சரிசெய்யுங்கள். இ.எஸ்.ஐ. மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்களுக்கு.

வெளிநாடு போகிறவர்களைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. சான்றிதழை வாங்கிப் பூட்டிவைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது அசிங்கம். போவார் என்று தெரிந்தே, இரண்டாவது ஆளை இன்றே தயார் செய்யுங்கள். இன்சார்ஜ் லீவு எடுக்கும் ஒவ்வொரு முறையும் அதே ஒருவர் பொறுப்பைப் பார்த்தால், ஒரு வருடத்தில் அவர் தயாராகிவிடுவார்.

வயதில் மூத்த ஆயாம்மாக்கள் இளம் சிஸ்டர் சொல்வதைக் கேட்பதில்லை.

இருபத்தாறு வயதுப் பெண் வந்து, பதினைந்து வருடமாக அங்கே இருக்கும் அக்காவுக்கு வேலை சொன்னால் முறைப்பு வரத்தான் செய்யும். சிஸ்டர் அவரை "அக்கா" என்றே கூப்பிடட்டும், தெரியாததை அவரிடம் கேட்கட்டும். ஆனால் மருந்து, புண், சாப்பாட்டுப் பத்தியம் இந்த மூன்றிலும் சிஸ்டர் சொல்வதே முடிவு என்று டிரஸ்டி எல்லோர் முன்னாலும் ஒரு தடவை சொல்லிவிடவேண்டும். அப்புறம் ஆயாம்மா நேராக டிரஸ்டியிடம் போய்ப் புகார் சொன்னால், "சிஸ்டரிடம் பேசினாயா?" என்று திருப்பி அனுப்பவேண்டும். அங்கேதான் நிறைய டிரஸ்டிகள் வழுக்குகிறார்கள்.

பெண் பணியாளர்களிடம் சில முதியவர்கள் தவறாக நடக்கிறார்கள். மறதி நோய் என்று பொறுத்துக்கொள்ளவேண்டுமா?

நோயால் நடப்பதாக இருந்தாலும் அந்தப் பெண்ணுக்கு அது தொல்லைதான். அவரிடம் இரண்டு பேராகப் போவது, ஆண் உதவியாளரை வைப்பது, டாக்டரிடம் காட்டுவது என்று செய்யலாம். புத்தி தெளிவாக இருப்பவரோ, பார்க்க வரும் உறவினரோ, மேனேஜரோ செய்தால் அது வேறு. வேலை செய்யும் இடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாகவேண்டும். அதற்குக் குறைவு என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். இன்சார்ஜ் சிஸ்டரிடம் யாராவது சொன்னால், "வெளியே சொல்லாதே, இல்லத்துப் பெயர் கெடும்" என்று அவரை வைத்தே வாயடைக்காதீர்கள்.

புயல் நேரத்தில் சிஸ்டர் தனியாக மாட்டிக்கொள்கிறார். என்ன முன்னேற்பாடு?

அக்டோபர் பிறப்பதற்குள் முடித்துவிடவேண்டிய வேலை. 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டரைத் தாண்டிக் கொட்டியதை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அந்த மாதிரி நாளில் அடுத்த ஷிப்டு வராது. இருப்பவர்தான் தொடரவேண்டும். அதனால் எச்சரிக்கை வந்தவுடனே இரண்டு ஷிப்டு ஆட்களையும் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் போனால் எது எது நிற்கும் என்று ஒரு தடவை மெயினை அணைத்துப் பாருங்கள், பகலில்தான். ஏர் பெட் கொஞ்ச நேரத்தில் தட்டையாகிவிடும், அதில் படுத்திருப்பவர் பலகையில் கிடப்பதற்குச் சமம். கையால் புரட்டும் ஆட்கள் கூடுதலாக வேண்டும். காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் மெஷின் நிற்கும், அதனால் நிரப்பிய சிலிண்டரும் அதைத் திறக்கும் சாவியும் பக்கத்தில் இருக்கவேண்டும். சாவி ஸ்டோர் ரூமில், ஸ்டோர் ரூம் சாவி மேனேஜர் வீட்டில் என்று இருந்தால் சிலிண்டரால் பயனில்லை. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும். பிரிட்ஜ் நின்றுவிட்டால், ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் டப்பாவில் போட்டு நிழலில் வைக்கலாம், ஐஸ்மேல் நேராக வைத்து உறைய விடக்கூடாது. பத்து நாளுக்கான மருந்து, குடிதண்ணீர், டயப்பர், ஜெனரேட்டருக்கு டீசல். யாரை முதலில் வெளியேற்றுவது, யாரைத் தூக்கவேண்டும், யார் நடப்பார் என்ற பட்டியல் பிளாஸ்டிக் உறையில் சுவரில் இருக்கட்டும். அதை எழுதுவது சிஸ்டர், அதற்கான செலவுக்குக் கையெழுத்துப் போடுவது நிர்வாகம்.

இல்லத்தில் ஒருவர் இறந்தால் சிஸ்டரின் பொறுப்பு எதுவரை?

இறப்பைச் சான்றளிப்பது டாக்டரின் வேலை, செவிலியரால் முடியாது. இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்யவேண்டும், அந்த ஓட்டம் ஆபீஸுக்கு. உடலைச் சுத்தம் செய்து, குழாய்களை எடுத்து, குடும்பம் வரும்வரை மரியாதையாக வைத்திருப்பது சிஸ்டரின் பொறுப்பு. ஒரே கூடத்தில் மூன்று மதத்தாரும் இருக்கும் ஊர் இது. யார் குளிப்பாட்டவேண்டும், யாரை முதலில் கூப்பிடவேண்டும், ஜமாஅத்தா, பங்குத்தந்தையா, எந்த மகன் வரும்வரை காத்திருப்பது என்பதைச் சேர்க்கையின்போதே கேட்டு எழுதி வாங்கிவிட்டால், அந்த இரவில் சிஸ்டர் யாரிடமும் ஏச்சு வாங்கவேண்டியதில்லை.

அடுத்த நாள் அதே கட்டிலுக்கு உடனே புது ஆளைக் கொண்டுவராதீர்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஊட்டிவிட்ட ஆயாம்மாவும்தான். எடுப்புக்குப் போகிறேன் என்று யாராவது கேட்டால் இரண்டு மணி நேரம் விடுங்கள், சிஸ்டரையும் சேர்த்து.

எங்கள் சிஸ்டர் சமீபமாக எரிந்து விழுகிறார், எதிலும் பிடிப்பில்லை. வேறு ஆள் பார்க்கலாமா?

கடைசியாக எப்போது அவர் போனை அணைத்துவிட்டு முழு நாள் லீவில் இருந்தார் என்று முதலில் பாருங்கள். தொடர்ந்து எத்தனை நைட் பார்த்தார், சமீபத்தில் எத்தனை பேர் இறந்தார்கள் என்றும் பாருங்கள். அப்புறம் லீவு கொடுங்கள், அந்த நாட்களில் இல்லத்திலிருந்து யாரும் கூப்பிடக்கூடாது. திரும்பி வந்ததும் உட்கார்ந்து பேசுங்கள்.

அக்கம்பக்கத்து இல்லங்களின் இன்சார்ஜ்கள் ஒன்றாகப் பேசிக்கொள்ள வழி உண்டா?

நீங்களே உண்டாக்கலாம். மண்டபம், உச்சிப்புளி, ராமநாதபுரம், கீழக்கரை என்று நாலு இல்லத்துச் சிஸ்டர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்தாலே போதும். ஏர் பெட் பம்ப் யாரிடம் உபரியாக இருக்கிறது, எந்த மெடிக்கலில் இன்சுலின் வந்திருக்கிறது, இப்படி ஒரு புண்ணுக்கு நீ என்ன போட்டாய் என்று கேட்டுக்கொள்ளலாம். பெரியவர்களின் பெயரும் முகமும் குழுவில் வரக்கூடாது, புண்ணின் படம் மட்டும். டிரஸ்டிகளை அந்தக் குழுவில் சேர்க்கவேண்டாம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஏதாவது ஓர் இல்லத்தில் மதியச் சாப்பாட்டோடு கூடினால், பஸ் செலவை அவரவர் இல்லம் கொடுக்கட்டும், அன்றைக்கு டியூட்டி என்றே ரோஸ்டரில் போடுங்கள்.